எட்டு கிலோ

"ஒன்பது கிலோ. போன மாசத்தைவிட ஏறியிருக்கு. சாப்பாட்டை அளந்துதான் போடுறீங்களா?" என்றார் நாய் மருத்துவர்.

"அளந்துதான் போடுறேன் டாக்டர். பிஸ்கட்டைக் கண்ணுலகூடக் காட்டுறதில்ல" என்றாள் மகள். அம்மா, மேசைமேல் நின்ற நாய் குண்டனின் காதை வருடினாள்.

அம்மாவையும் குண்டனையும் வீட்டில் விட்டுவிட்டு மகள் ஆபீசுக்குக் கிளம்பினாள். அம்மா அடுப்படியில் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். கையும் களவுமாகப் பிடித்தார் அப்பா.

"உன் வேலைதானா? செல்லம் குடுத்தே அவனைக் கொன்னுடுவே போலிருக்கே."

"செல்லம் இல்லீங்க" என்றாள் அம்மா. "எட்டு கிலோவைத் தாண்டினா விமானத்துல மடியில வச்சுக் கூட்டிட்டுப் போக விடமாட்டாங்களாம். குண்டன் இல்லாம வெளிநாட்டு வேலைக்குப் போகமாட்டேன்னு உங்க பொண்ணு சொல்றாளே. அவ இன்னும் கொஞ்ச நாள் நம்மகூட இருக்கட்டுமேன்னுதான்..."

மாடிப்படி ஏறிய களைப்பில் குண்டன் இன்னும் மூச்சிரைத்துக் கிடந்தான். அம்மா அவனையே வெகுநேரம் பார்த்தாள்.

"இதை யாருக்காவது குடுத்துடுங்க" என்று டப்பாவை அவரிடம் நீட்டிவிட்டு, அவனுக்குக் கேரட் வேகவைக்கப் போனாள்.