இன்னும் ரெண்டு ஜிபி

"நாலாவது தடவையா கேக்குறாங்க ஒட்வார். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

சொல்ஃப்ரித் கணவரின் கைப்பேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெள்ளிக்கிழமை, சோள அப்பளத்தை மடித்து உள்ளே கறியும் காயும் திணித்த டாக்கோவை நார்வே முழுக்கத் தின்னும் சாயங்காலம். வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒட்வார் தலையைத் தூக்கவில்லை.

திரையில் தொலைபேசி நிறுவனத்தின் செய்தி. குடும்பம் முழுவதற்கும் இனி அளவில்லா டேட்டா. கட்டணத்தில் மாற்றமில்லை. 'சரி' என்று அழுத்தினால் போதும். இன்றுதான் கடைசி நாள்.

"அளவில்லாம குடுத்தா அளவில்லாம பார்ப்பாங்க," என்றார் ஒட்வார்.

நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். குழாய் ஒழுகினாலும் டேட்டா ஒழுகினாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் வீட்டில் வீடியோ தானாக ஓடக் கூடாது. படம் தானாக இறங்கக் கூடாது. படகில் ஏறினால், நடுக்கடல் நெட்வொர்க் காசைக் கறந்துவிடும் என்று டேட்டாவை அணைத்துவிட வேண்டும்.

வந்த விருந்தாளி காலணியைக் கழற்றுவதற்குள் வைஃபை கடவுச்சொல்லைக் கையில் திணித்துவிடுவார். போன கிறிஸ்துமஸுக்கு மச்சினரின் போனை வாங்கி, பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த பதினோரு செயலிகளின் கழுத்தைத் திருகிய பிறகுதான் சாப்பிடவே உட்கார்ந்தார்.

குடும்பத் திட்டத்தில் யாருக்கு எத்தனை ஜிபி என்று மாதாமாதம் பங்கு பிரிப்பவரும் அவர்தான். மனைவிக்கு மூன்று. தனக்கு ஒன்று, அதிலும் பாதி மிஞ்சி அடுத்த மாதக் கணக்கில் சேரும். வடக்கே ட்ரோம்சோவில் மீன் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் இங்வில்லுக்கு ஐந்து.

"இந்த ஊர்லயே இதை வேணாம்னு சொன்ன ஒரே ஆளு நீயாத்தான் இருப்பே," என்றாள் சொல்ஃப்ரித். "உன் கல்லறையில எழுதிப் போடுறேன் பாரு, 'மிச்சம் வச்சுட்டுப் போனார்'னு."

ஒட்வார் சிரித்தார். ஆனால் அழுத்தவில்லை.

காரணம் கஞ்சத்தனம் இல்லை. உண்மையை மனைவியிடம் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

இங்வில் ஒன்றுவிட்டு ஒரு நாள் அம்மாவோடு பேசுவாள், ஒன்றுமில்லாததற்கெல்லாம். அப்பாவிடம் அப்படிப் பேச அவளுக்கும் வராது, அவருக்கும் வராது. இருவருக்கும் நடுவில் ஏதாவது ஒரு வேலை கிடக்க வேண்டும். அவள் வீட்டைவிட்டுப் போன பிறகு மிஞ்சிய ஒரே வேலை இந்தப் பங்கு பிரிப்புதான். மாதம் பாதி தாண்டியதும் அப்பாவைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் கேட்பாள். அளவே இல்லாமல் போய்விட்டால் எதற்காகக் கூப்பிடுவாள்?

கைப்பேசி அடித்தது. இங்வில்.

"அப்பா, தீர்ந்துபோச்சு."

"தேதி இருபதுதானே ஆகுது? அப்படி என்னத்தப் பார்த்தே?"

"நாய் நீச்சலடிக்கிற வீடியோப்பா."

"ஒரு நாயா?"

"ஒரு... முப்பது நாய் இருக்கும்."

ஒட்வார் கத்தியை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொரிந்து தள்ளினார். நாயை வைஃபை இருக்கும் இடத்தில் பார்த்தால் நீந்த மாட்டேன் என்றா சொல்லும்? இங்வில் எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டினாள்.

திட்டி முடிந்ததும் பேச்சு தானாக வேறு பக்கம் திரும்பியது. சைக்கிள் சங்கிலி கழன்றுகொண்டே இருக்கிறதாம். எந்த நட்டை முடுக்க வேண்டும் என்று சொன்னார். மேலதிகாரி ஒருத்தி எதற்கெடுத்தாலும் சிடுசிடுக்கிறாளாம். அதற்கு எந்த நட்டு என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்டுக்கொண்டார். இருபது நிமிடம் போனதே தெரியவில்லை.

அடுப்புப் பக்கத்திலிருந்து சொல்ஃப்ரித் குரல் கொடுத்தாள்.

"இங்வில்! அளவில்லாத டேட்டா தர்றாங்களாம், அதே காசுக்கு! உங்கப்பா வேணாங்குறாரு. நீயாவது சொல்லேன்!"

ஒட்வார் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

'ஏன்ப்பா சொல்லல?' என்று கோபித்துக்கொள்வாளோ? இல்லை, 'அப்பாடா, அழுத்துப்பா' என்பாளோ? இரண்டாவதுதான் அவருக்கு அதிகப் பயம்.

"வேணாம்ப்பா," என்றாள் இங்வில் அவசரமாக. "அளவில்லாததெல்லாம் எனக்கு ஒத்துவராது. நீ பார்த்துப் பார்த்துக் குடுக்குறதே போதும்."

"அதத்தான் நானும் சொன்னேன்," என்றார் ஒட்வார்.

"ரெண்டும் ஒரே அச்சு," என்று முனகிக்கொண்டே சொல்ஃப்ரித் டாக்கோ அப்பளங்களை அடுப்பிலிருந்து வெளியே எடுத்தாள்.

பேசி முடித்ததும் ஒட்வார் 'வேண்டாம்' என்பதை அழுத்தினார். பிறகு பங்கு பிரிக்கும் பக்கத்தைத் திறந்து, மகள் பெயருக்கு நேரே வழக்கம்போல் இரண்டு ஜிபி சேர்த்தார்.

அங்கே ஏற்கெனவே ஐம்பத்துநாலு கிடந்தது. ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேறு சிம் கொடுத்து எட்டு மாதமாகிறது. நவம்பரிலிருந்து அப்பா கொடுத்ததில் ஒரு துளியைக்கூட அவள் தொடவில்லை.

ஐம்பத்தாறு என்று மாறியதும் மகளுக்கு ஒரு வரி அனுப்பினார்: 'பார்த்துச் செலவு பண்ணு.'