எட்டுச் செலவுக்கு வந்த கிண்ணம்

“அந்தக் கிண்ணத்தை அங்காலை எடுங்கோ.”

மகேந்திரராஜா இதைச் சொன்னதும் டண்டினொங் வீட்டு ஹோலில் இருந்த சனம் முழுக்க அவர் பக்கம் திரும்பிற்று.

மகன் தனோஜன் கார் விபத்தில் போய்ச் சேர்ந்து அன்றைக்கு எட்டாம் நாள், எட்டுச் செலவுப் படையல். போனவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் படைத்து, அவன் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே இருக்க வேண்டும்.

தாய் இராஜேஸ்வரி விடியவே எழும்பி நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரியல் என்று குசினியில் கிடந்து செத்தாள். எல்லாம் அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் விரும்பித் தின்றவை. கடைசி மூன்று வருஷம் பிள்ளை எதை விரும்பித் தின்றான் என்று பெற்றவளுக்குத் தெரியாது. பிள்ளை வந்து பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் வேண்டாமென்று பசியோடு போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் காலையிலிருந்து அவளுடைய பயம்.

அவளுக்கு எப்படித் தெரியும்? யீவென் என்ற சீனப் பிள்ளையை அவன் கட்டிய அன்று, “அவன்ரை வாசல்படி மிதிக்கிற ஆள் இந்த வீட்டுக்குத் திரும்பி வரத் தேவையில்லை” என்று கட்டளை போட்டவர் மகேந்திரராஜா. இராஜேஸ்வரி மிதிக்கவில்லை. புருஷன் சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாதவள்.

இப்போது அந்த யீவென்தான் ஒருவரும் கூப்பிடாமல் வந்து, இலையின் ஓரத்தில் கிண்ணத்தை வைத்துவிட்டு நிற்கிறாள். தேங்காய்ப்பாலுக்குள் பசைபசையென்று வெள்ளை உருண்டைகள்.

“இது தங்யுவான்,” என்று இராஜேஸ்வரிக்கு விளங்கும்படி நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். “ஒட்டும் அரிசி மாவில் செய்வது. குடும்பம் ஒன்றுகூடினால் எங்கள் ஆட்கள் சாப்பிடுவார்கள். ஆனால் இது தனோ தன் பாட்டில் கண்டுபிடித்த புது விதம். எங்கள் சாப்பாட்டுக் கடையில் அவனேதான் செய்வான். அவனுக்கு இதென்றால் உயிர்.”

அதற்குத்தான் மகேந்திரராஜா கிண்ணத்தை எடுக்கச் சொன்னார்.

“செத்த பிள்ளையோடையும் என்ன வீறாப்பு அண்ணை?” என்றாள் அவருடைய தங்கை ராதா. “இருந்திட்டுப் போகட்டும்.”

“கல்லு நெஞ்சு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாருடையது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் நினைத்ததைத்தானே அது சொன்னது.

இராஜேஸ்வரி வாய் திறந்தாள்.

“இஞ்சாருங்கோ, அது இருக்கட்டும். எனக்குத் தெரியாதது அந்தப் பிள்ளைக்குத் தெரியும்தானே. அதையாவது அவன் தின்னட்டும்.”

மகேந்திரராஜா குனிந்து, தானே கிண்ணத்தைத் தூக்கினார்.

“ஆறிப்போச்சு,” என்றார். “அடுப்பிலை வைச்சுச் சூடாக்கிக் கொண்டு வந்து வைப்பம். மைக்ரோவேவ் வேண்டாம், இறுகிப்போம். சுடச்சுடக் கடிச்சாத்தான் உள்ளுக்கை இருக்கிற சர்க்கரை உருகி வரும். அவன் எனக்குச் சூடாத்தான் தாறவன்.”

“தாறவனோ?”

இராஜேஸ்வரி கேட்டது மெல்லத்தான். ஆனால் ஹோல் முழுக்கக் கேட்டது.

அவர் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

“சனிக்கிழமையளிலை கோயிலுக்கெண்டு போறது… அவன்ரை கடைக்குத்தான் போறனான். ஒரு நாள் தூர நிண்டு பாத்திட்டு வருவமெண்டு போனன். கண்டிட்டான். பிறகு போகாமல் இருக்கேலாமப் போச்சு.”

கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

“சீனாக்காரர் இதுக்குள்ளை எள்ளு வைக்கிறவை. இவன் பயறு வறுத்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு… நீ மோதகத்துக்குள்ளை வைக்கிற அதே உள்ளுடன்தான், இராஜி. வாற சனம் கேட்டால், எங்கடை அம்மான்ரை கைப்பக்குவம் எண்டுதான் சொல்லுவான்.”

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு விம்மினார்.

“பெத்த மனம் பித்து எண்டு சும்மாவே சொன்னவை,” என்று ராதா ஓடிவந்து தமையனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கல்லு நெஞ்சு என்ற ஆளும் மூக்கைச் சிந்தியிருக்க வேண்டும். சனம் கட்சி மாற எவ்வளவு நேரம் எடுக்கும்?

இராஜேஸ்வரி மட்டும் அழவில்லை.

“அவன் என்னைக் கேக்கேல்லையோ?”

“கேட்டவன்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

மகேந்திரராஜா எழும்பினார். சூடாக்க வேண்டும் என்று முணுமுணுத்தபடி குசினிப் பக்கம் நடந்தார். அவ்வளவு விரைவாக அவர் நடந்து இந்தக் கிழமை யாரும் பார்க்கவில்லை.

யீவெனுக்குத் தமிழ் விளங்காது. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் விளங்கிற்று. பிள்ளை தன்னை வெறுத்துக்கொண்டே போய்விட்டான் என்று நினைக்கிறாளாக்கும். பாவம், ஒரு ஆறுதல் சொல்லலாம் என்று கிட்ட வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“தனோ எனக்கு எல்லாம் சொல்லுவான். அவனுக்கு உங்கள்மேல் கோபமே இருக்கவில்லை, அம்மா. ‘அம்மாவுக்கு உன்னைப் பார்க்க விருப்பமில்லையாம்’ என்று அங்கிள் வந்து சொல்லும்போதெல்லாம், ‘பரவாயில்லை அப்பா, அடுத்த கிழமையும் ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்’ என்றுதான் சொல்லி அனுப்புவான்.”