மெமரியிலயே வைங்க

கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டிருந்த சர்வீஸ்காரன் நிமிர்ந்தான்.

"தற்காலிக ஃபைலெல்லாம் எங்க வைக்கட்டும் அக்கா? டிஸ்க்ல வெச்சா அப்படியே கிடக்கும். மெமரியில வெச்சா, கம்ப்யூட்டரை அணைச்சதும் சுவடில்லாமப் போயிடும்."

அந்த வீட்டுப் பெண் கன்றிப்போன மணிக்கட்டை மறைத்தபடி வாசலைப் பார்த்தாள். "மெமரியிலயே வைங்க தம்பி. அவருக்குத் தெரிய வேணாம்."

வேலை முடிந்ததும் அவள் இணையத்திலிருந்து எதையோ இறக்கி, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

கணவன் உள்ளே வந்து சர்வீஸ்காரனின் தோளில் கை வைத்தான். "காலையில ஃபோன்ல சொன்னேனே, செஞ்சியா? அவ பார்க்கிறது எதுவும் அழியக் கூடாது."

சர்வீஸ்காரன் கேபிளைச் சுருட்டிப் பையில் போட்டான். "டிஸ்க்லதான் வெச்சிருக்கேன் சார்."

பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

கணவன் கம்ப்யூட்டரைப் போட்டு தற்காலிக ஃபைல்களுக்கான ஃபோல்டரைத் திறந்தான். காலி.

"கொஞ்சம் இங்க வர்றியா?" என்றான், ரொம்ப மெதுவாக. எழுந்து போய்ப் பார்த்தான்.

சமையலறையும் காலி. பின்கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.