களஞ்சியச் சுவரில் ஒரு பெயர்

காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. மலைக்கோட்டைக்கு வருகிறவர்கள் காற்று வாங்குவார்கள், செல்ஃபி எடுப்பார்கள். பரமத்தி வேலூரிலிருந்து வந்திருந்த மருதாசலமும் அவர் மனைவியுமோ, இடிந்த சுவர்களை ஒவ்வொன்றாக உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க, என்னத்தத் தேடறீங்க?”

“ஒரு பேருங்க தம்பி. எம்பொண்ணு ரஞ்சனி போன வருசம் காலேஜோட இங்க அகழாய்வுக்குத் தோண்ட வந்தா. இப்ப எந்த மாப்பிள்ளையும் வேண்டாங்கறா. யாரைப் புடிச்சிருக்குதுன்னு கேட்டா, ‘கோட்டையில எழுதி வெச்சிருக்கறேன், போய்ப் பாத்துக்கங்க’ன்னுட்டா.”

அவள் மண் சலித்த மூன்று மாதமும் மலையேறித் தண்ணீர் சுமந்து கொடுத்தவன் இந்தக் காவலாளிதான். மனதில் இருந்ததை ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது எவனோ ஒருவன் பெயரைத் தானே தேடிக் கொடுக்க வேண்டுமா?

இருந்தும், தோண்டும் வேலை முடிந்ததிலிருந்து பூட்டிக் கிடந்த பழைய தானியக் களஞ்சியத்தைத் திறந்துவிட்டான்.

உள்ளே சாக்பீஸ் எழுத்து அழியாமல் இருந்தது. மருதாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“ரஞ்சனி, ஜீவானந்தம். யாருங்க தம்பி இந்த ஜீவானந்தம்? உங்களுக்குத் தெரியுங்களா?”

காவலாளி சுவரருகே போய் அந்த எழுத்தைத் தானும் ஒருமுறை வாசித்தான்.

“நானுங்க” என்றான் கடைசியில். “ஆனா, எனக்கே இப்பத்தானுங்க தெரியும்.”