பின்வரிசைப் பெட்டி

குடோனில் இருந்த சரக்கைக் காட்டித்தான் அந்தப் பம்ப்செட் கம்பெனி பேங்கில் கடன் வாங்கியிருந்தது. கடன் கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட பேங்க் மேனேஜரே இன்று சரக்கைச் சரிபார்க்க வந்துவிட்டார். முன்வரிசைப் பெட்டிகளில் மட்டும்தான் பம்ப் இருந்தது. பின்வரிசை முழுக்க வெறும் அட்டை.

"நடுங்காம நில்லு. செக் பண்ண வர்றவங்க எப்பவும் என்னை மட்டும் தட்டிப் பாத்துட்டுப் போயிடுவாங்க" என்றது முன்வரிசைப் பெட்டி.

"இந்தப் பக்கம் வர்றாரே" என்றது காலிப் பெட்டி.

வந்தவர் அதன்மேல் கையை ஊன்றினார். அட்டை பொதுக்கென்று அமுங்கியது. மேனேஜர் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. அமுங்கிய இடத்தை மெதுவாக நிமிர்த்தினார். சரக்கு சரியாக இருப்பதாக எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"தப்பிச்சோமா?" என்று கேட்டது முன்வரிசைப் பெட்டி.

"தெரியல. என்னை நிமிர்த்தின கை என்னைவிட அதிகமா நடுங்குச்சு."