பவளத்தின் மேல் கற்பூரவல்லி

பட்டணத்துக் கால்வாய் கடலில் கலக்கும் இடத்தருகே, சேறு படிந்து நோயுற்ற சிறு பவளம் ஒன்று உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. ஒரு நாள், யாரோ கஷாயத்துக்கு ஒடித்து மிச்சத்தை எறிந்த கற்பூரவல்லிக் கொத்து அங்கே மிதந்து வந்தது.

பவளத்தின் அருகே வாழ்ந்த நண்டு, பக்கத்திலிருந்த கிளிமீனைப் பார்த்துத் துள்ளியது. "கிளிமீன் அண்ணே, சளிக்கும் காய்ச்சலுக்கும் ஊரே இவளைத்தான் தேடுகிறதாம்! பவளத்தின் மேல் போர்த்துவோம், பிழைத்துக்கொள்ளும்."

இரண்டும் சேர்ந்து போர்த்தின.

"வெளிச்சம் வரவில்லையே," என்று பவளம் முனகியது.

"மருந்தென்றால் அப்படித்தான், பொறுத்துக்கொள்!" என்றது நண்டு.

"யார் மருந்து?" என்று கற்பூரவல்லி அதட்டியது. "ஆய்வகத்தில், கண்ணாடிக் குழாய்க்குள், எங்கள் இலைச் சாறு ஒரு வைரஸை அடக்கியது. அது மெய். பவளத்தின் நோயை நான் கண்டதேயில்லை. இதற்கு வெயில் வேண்டும், என்னை எடுங்கள்."

நண்டு இளித்தது. "அப்படியானால் நீ வெறும் பஜ்ஜி இலைதானா?"

"ஆம். நல்ல பஜ்ஜி இலை. செய்யாத வேலைக்குப் பெயர் வாங்குவது எங்கள் குலத்தில் வழக்கமில்லை."

கிளிமீன் தண்டைக் கவ்வி இழுத்தது. பவளத்தின் மேல் வெயில் விழுந்தது. அது நன்றி சொல்ல வாயெடுக்குமுன், கற்பூரவல்லி நிமிர்ந்தபடியே நீரோட்டத்தோடு போய்விட்டது.