மேடையேறிய அன்னம்

“நான் பின்னின அன்னம் ஒண்ணு, வாசப்படி தாண்டி, பஸ் ஏறி, மேடையில நின்னு, மண்டபமே அதிர்ற மாதிரி கைதட்டல் வாங்கிட்டு வீடு திரும்பிச்சு. சத்தியம்!”

லேஸ் பின்னுகிறவர்களின் அரட்டைக் குழுவில் இதைத் தட்டி அனுப்பிவிட்டு, அளப்பக்கா குரோஷா ஊசியைக் காதில் செருகிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

அந்தப் பெயர் குழு வைத்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊர் வம்பையெல்லாம் காதில் வாங்கி ஓய்வுபெற்றவள் அவள். அவள் வாயில் புகுந்த எறும்பு யானையாகத்தான் வெளியே வரும்.

“அன்னத்துக்கு டிக்கெட் எடுத்தீங்களாக்கா?” என்று குழுவிலிருந்த நர்ஸ் ஒருத்தி எழுதினாள்.

“சிரிக்காதே! லேஸ் விறைப்பா நிக்கறதுக்காகச் சர்க்கரைப் பாகுல முக்கி, நாற்காலியில காயப்போட்டிருந்தேன். பாதி காய்ஞ்ச நேரம் பார்த்து ஒருத்தர் ஷூ மாட்ட அதுமேல உக்காந்துட்டார். எழுந்து போனப்ப கறுப்பு பேன்ட்ல வெள்ளை அன்னமும் ஒட்டிக்கிட்டே போயிடுச்சு. நான் அடுத்த பஸ்ல போய்ச் சேர்றதுக்குள்ள ஆள் மேடையில! ஆகையினால மக்களே, இன்னிக்கு வீட்டுக் குறிப்பு என்னன்னா, சர்க்கரைப் பாகை மிஞ்சின பசை உலகத்துலயே கிடையாது.”

சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி வந்தன. அவற்றுக்குப் பின்னால் ‘கத்தரி’ என்ற புனைபெயரும் வந்தது.

கத்தரி குழுவில் சேர்ந்து ஒரு மாதம்தான் இருக்கும். முகம் காட்டியதில்லை, பின்னியதையும் காட்டியதில்லை. எண்ணெய்ப் பிசுக்கு போக என்ன செய்யலாம், துருப்பிடித்த ஊசியை எதில் தேய்க்கலாம் என்று குறிப்பு மட்டும் வரும். எல்லாரும் ‘கத்தரியக்கா’ என்றே கூப்பிட்டார்கள். அளப்பக்கா எதைச் சொன்னாலும் குறுக்கே வெட்டுவது கத்தரிக்கு முழுநேர உத்தியோகம்.

“நம்ப முடியல. ஈரம் பட்டா உக்காந்தவனுக்குத் தெரியாதா? அவன் என்ன மரக்கட்டையா?”

“அவர் அவசரத்துல இருந்தார்.”

“பஸ்ல உக்காரவே இல்லையாக்கும்?”

“கூட்டம். நின்னுக்கிட்டே போனார்.”

“யார் அந்த ‘அவர்’?”

அளப்பக்காவின் விரல் நின்றது. அந்த நேரம் பார்த்துக் குழுவை நடத்தும் பல் டாக்டர் நுழைந்தார்.

“அக்கா, கொதிக்கிற தண்ணியில போட்டா லேஸ் பால் மாதிரி வெளுக்கும்னு போன வாரம் அளந்தீங்க. அதை நம்பி ஒரு பொண்ணு, தங்கச்சி கல்யாணத்துக்குப் பின்னினதைப் போட்டுக் கைக்குட்டை அளவுக்குச் சுருக்கி வச்சிருக்கா. இன்னொரு பொய் வந்தா குழுவை விட்டு எடுத்துடுவேன்னு அன்னிக்கே சொன்னேன். யார்னு சொல்லுங்க. அவர் வந்து ஆமான்னா சரி. இல்லேன்னா மன்னிச்சுக்கோங்க.”

அந்தக் குழுவை விட்டால் அளப்பக்காவுக்குப் பேச்சுத்துணை கிடையாது. வீட்டில் ஆள் உண்டு, பேச்சுத்தான் இல்லை. பஸ் டிரைவராக இருந்த அவள் வீட்டுக்காரர்தான் டெப்போவில் நடந்த தன் பிரிவு உபசாரத்துக்கு அன்னத்தோடு போய் மேடையேறியவர். திரும்பி வந்து அதைப் பிய்த்து எறிந்தவர், அன்றைக்கு மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவார். மற்ற நேரமெல்லாம் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பார்.

அவள் எழுந்து போய்க் கதவருகே நின்றாள்.

“ஏங்க, ஒரு நிமிஷம் வெளிய வாங்களேன். எம்மானம் போகுதுங்க.”

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. அவ்வளவுதான்.

திரும்பி வந்து பார்த்தால் கத்தரி காத்திருந்தது.

“என்ன, சத்தத்தையே காணோம்? வீட்டுக்காரரா? தம்பியா? பக்கத்து வீட்டு ஆளா? பேரைச் சொன்னா தீர்ந்துச்சு. சொல்லிட்டு நிம்மதியா இருங்களேன்!”

‘என் வீட்டுக்கா’ என்று வரை தட்டினாள் அளப்பக்கா. பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். ஊர் ரகசியத்தையெல்லாம் கூவி விற்ற வாய், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பூட்டிக்கொண்டது.

“சொல்ல மாட்டேன். அந்த மனுஷன் அன்னிக்குப் பட்டதே போதும். இங்க வேற நாலு பேர் அவரைப் பார்த்துச் சிரிக்க வேணாம். நான் சொன்னது பொய்யின்னே வச்சுக்கோங்க. எடுத்துடுங்க டாக்டரம்மா.”

“சரிக்கா. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு,” என்று டாக்டர் எழுதினார்.

கத்தரி ஏதோ தட்டுவதாகத் திரை காட்டியது. நின்றது. மறுபடியும் தட்டியது. கடைசி வெட்டுக்குத் தயாராக அளப்பக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“எடுக்காதீங்க டாக்டர். ஒரு மாசமா வீட்ல இவகூடப் பேசாம இருந்துட்டேன், ஆனா இங்க வந்து சண்டை போடாம இருக்க முடியல. அன்னம் மேடையேறினது உண்மை. இவ இதுல அளக்கவே இல்ல, குறைச்சுத்தான் சொல்லியிருக்கா. கைதட்டல் எனக்குன்னு நினைச்சு, சபைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, மேனேஜருக்கு நான் குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் வச்சதை இவ யார்கிட்டயும் மூச்சுகூட விடல.”